பீரோக்காவின் மூன்று எண்ணிக்கை

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், அவள் பீரோ விற்பவள் அல்ல. அந்தக் குடியிருப்புக்குப் புதிதாகக் குடிவந்தவர்கள் எல்லோரும் அப்படித்தான் நினைத்தார்கள். காலையில் பீரோவோடு போகிறாள், மாலையில் அதே பீரோவோடு திரும்பி வருகிறாள், பாவம், இன்றைக்கும் போணியாகவில்லை போலிருக்கிறது என்று நான்காம் மாடித் தையல்காரம்மா ஒருநாள் நிஜமாகவே உச்சுக்கொட்டினார். குழந்தைகள் வைத்த பேர் பீரோக்கா. அது ஒட்டிக்கொண்டது. தபால்காரர்கூட "பீரோக்கா, ஒரு கையெழுத்து" என்றுதான் கூப்பிடுவார்.

அவர்கள் பீரோ என்று நினைத்த பெட்டிக்குள் இருந்தது டபுள் பேஸ். வயலின் குடும்பத்துக்கே பெரியப்பா. ஆறடிக்கு மேல் உயரம், அதற்கேற்ற தொந்தி, அடிவயிற்றிலிருந்து வருகிற குரல். அதைத் தூக்கிச் சுமக்கிற நம்ம பீரோக்கா நாலடி பத்து அங்குலம். பள்ளிக்கூடத்தில் வாத்தியங்கள் பங்கு போட்ட அன்றைக்கு அவளுக்குக் காய்ச்சல். மறுநாள் போய்ப் பார்த்தால் வயலின் போச்சு, புல்லாங்குழல் போச்சு, மூலையில் இது ஒன்றுதான் நின்றுகொண்டிருந்தது. அந்தக் காய்ச்சல் மட்டும் ஒருநாள் தள்ளி வந்திருந்தால் அவள் இன்றைக்குப் புல்லாங்குழலைக் கைப்பையில் போட்டுக்கொண்டு ஹாயாக பஸ்ஸில் உட்கார்ந்து போயிருப்பாள். ஆனால் ஒன்று, அந்தப் பெரியப்பாவைக் கட்டிப்பிடித்து வில்லை இழுத்த முதல் நாளே அவளுக்கு வயிற்றுக்குள் ஏதோ இடம் மாறி உட்கார்ந்துவிட்டது. அதற்கப்புறம் புல்லாங்குழலைச் சும்மா கொடுத்தாலும் வாங்கியிருக்க மாட்டாள்.

இப்போது அவளுக்கு முப்பத்தெட்டு வயது. நகரத்துப் பெரிய ஆர்கெஸ்ட்ராவில் பதினோரு வருஷமாக மாற்று ஆள். மாற்று ஆள் என்றால் என்ன வேலை என்கிறீர்களா? ஆறு பேஸ்காரர்கள் நிரந்தர வேலையில் இருப்பார்கள். அவர்களில் யாருக்காவது முதுகு பிடித்துக்கொண்டால் இவளுக்கு போன் வரும். அவ்வளவுதான். அதனால் அவர்களைப் பார்க்கும்போதெல்லாம் பீரோக்கா முதல் கேள்வியாக "முதுகு எப்படி இருக்கு?" என்று கேட்பாள். என்ன பாசம், என்ன பாசம் என்று அவர்கள் உருகிப்போவார்கள். போன் வராத நாட்களில் ஹோட்டல் வரவேற்பறையில் யாரும் கேட்காத இசை வாசிப்பாள், வாரத்துக்கு நான்கு பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பாள். ஒரு பற்பசை விளம்பரத்தில் பல்வலி வரும்போது 'ம்ம்ம்' என்று ஒரு சத்தம் கேட்குமே, அது அவள் வாசித்ததுதான். ஊரெல்லாம் கேட்ட அவளுடைய ஒரே வாசிப்பு அந்தப் பல்வலிதான்.

வீட்டில் கணவர். மருந்துக்கடை வைத்திருக்கிறார். நல்ல மனிதர். இசையைப் பற்றி அவருக்குத் தெரிந்தது, கேட்கிறது, கேட்கவில்லை என்ற இரண்டு நிலைதான். அதைவிட்டால் போனில் அம்மா. ஞாயிறுதோறும் பத்து மணிக்கு அழைப்பார். "சாப்பிட்டியா" என்று தொடங்குவார், "இன்னும் பர்மனென்ட் ஆகலையா" என்று முடிப்பார். நடுவில் என்ன பேசினாலும் அங்கேதான் வந்து சேரும்.

ஆகவில்லைதான். அந்தப் பதினோரு வருஷத்தில் பேஸ் வரிசையில் நான்கு முறை இடம் காலியானது. நான்கு முறையும் ஆடிஷனுக்குப் போனாள். நான்கு முறையும் "தாங்கள் கலந்துகொண்டமைக்கு நன்றி" என்று ஒரு வரிக் கடிதம் வந்தது. ஏன், எங்கே தப்பு, எதைத் திருத்திக்கொள்ள வேண்டும், மூச்! ஒரு வார்த்தை சொல்ல மாட்டார்கள். பல் பிடுங்குகிற டாக்டர்கூட எந்தப் பல்லைப் பிடுங்கினார் என்று காட்டிவிட்டுத்தான் அனுப்புவார். இவர்களுக்கு என்ன கேடு?

அந்த ஆடிஷன் நடக்கிற விதத்தைச் சொன்னால்தான் மீதிக் கதை புரியும். தேர்வுக்குழுவுக்கும் வாசிப்பவருக்கும் நடுவே கூரையிலிருந்து தரைவரை ஒரு திரை. யார் வாசிக்கிறார் என்று குழுவுக்குத் தெரியக்கூடாது. தெரிந்தவர், தெரியாதவர், ஆண், பெண் என்ற பாரபட்சம் வரக்கூடாதாம். நல்ல எண்ணம்தான். செருப்புச் சத்தத்தை வைத்துக் கண்டுபிடித்துவிடுவார்கள் என்று கம்பளம் விரித்து வெறுங்காலோடு நடக்கவிடுவார்கள். பேர் கிடையாது, எண்தான். வாயைத் திறக்கக்கூடாது. ஏதாவது கேட்க வேண்டுமென்றால் பக்கத்தில் நிற்கிற மேற்பார்வை அம்மாவின் காதில் கிசுகிசுக்க வேண்டும். குரலை வைத்து ஆளை அடையாளம் தெரிந்துவிட்டால் அந்த நிமிஷமே வெளியே போகவேண்டியதுதான்.

இப்படி ஆளே தெரியாமல் நடக்கிற தேர்வில் ஓர் ஆள் மட்டும் பிரபலமாகிவிட்டார். கேண்டீனில் வைத்து அந்தக் கதையைச் சொன்னவர் பேஸ் வரிசையின் தலைவர். எல்லோரும் அவரைத் தலைவர் என்றே கூப்பிடுவார்கள். தேர்வுக்குழுவில் எப்போதும் இருப்பவர்.

"ஒவ்வொரு ஆடிஷனுக்கும் ஒருத்தன் வர்றாம்மா. ஆம்பளதான், அழுத்தத்தக் கேட்டாலே தெரியுது. சும்மா சொல்லக்கூடாது, பிரமாதமா வாசிக்கிறான். ஆடிஷன்ல எப்பவும் கேப்போமே ஒரு சிம்பொனி, அதுல மேலேருந்து தடதடன்னு எறங்கி ஒரு அடி நோட்டு வருமே, அது வரைக்கும் வருவான். வந்து நின்னுடுவான்!"

"நின்னுடுவானா?"

"நின்னுடுவான். ஒண்ணு, ரெண்டு, மூணு. யாரோ எறங்கறாங்க, யாரோ ஏறறாங்க. அப்புறம் கெளம்பிப் போவான். ஒவ்வொரு தடவையும் அதே எடம். நாங்க அவனுக்கு ஸ்டேஷன்னு பேர் வச்சிருக்கோம்."

பீரோக்காவுக்குக் குடித்துக்கொண்டிருந்த டீ மூக்கு வழியாக வந்துவிட்டது. கண்ணில் நீர் வரச் சிரித்தாள். "யாரு சார் அந்த மடையன்?" என்று கேட்டாள். "யாருக்குத் தெரியும்? திரைக்குப் பின்னாடியில்ல இருக்கான்" என்றார் தலைவர். வீட்டுக்கு வந்து கணவரிடம் சொன்னாள். மாணவப் பிள்ளைகளிடம் "நடுவுல நிறுத்தாதே, ஸ்டேஷன் ஆயிடுவே" என்று மிரட்டினாள். இரண்டு வருஷம் அந்தக் கதையை வைத்தே ஊரைச் சிரிக்க வைத்தாள். இருக்கட்டும், சிரிக்கட்டும்.

இனி கீழ்வீட்டுக்கு வருவோம். பீரோக்கா குடியிருந்தது மூன்றாம் மாடி. நேர் கீழே இரண்டாம் மாடியில் டிரில் மாஸ்டர். முப்பத்திரண்டு வருஷம் பள்ளிக்கூட மைதானத்தில் நின்று "நில்! நட!" என்று கத்தி ஓய்வு பெற்றவர். அவர் சாதாரணமாகப் பேசினாலே எதிரில் இருப்பவர் கையைப் பக்கவாட்டில் ஒட்டிக்கொள்வார். அவர் வீட்டுக் கூடத்தில் ஒரு கண்ணாடி அலமாரி, அது நிறைய விளையாட்டுப் போட்டிகளில் வாங்கிய நாற்பது கோப்பைகள். பீரோக்கா தினமும் மாலை ஆறு மணிக்கு அந்தச் சிம்பொனிப் பகுதியைப் பழகுவாள். அந்த அடி நோட்டு வரும். அது வந்ததும் கீழே நாற்பது கோப்பைகளும் கிடுகிடுவென்று ஆடும். டிரில் மாஸ்டர் ஒட்டடைக்கம்பைத் திருப்பிப் பிடித்து, கூரையில் டொம், டொம், டொம் என்று மூன்று தட்டு தட்டுவார். தாளம் தப்பாத தட்டு.

பதினோரு வருஷம் இது நடந்தது. லிஃப்டில் பார்த்துக்கொண்டால் இரண்டு பேரும் "குட்மார்னிங்" சொல்வார்கள், சிரிப்பார்கள், தளத்தின் எண் மாறுவதைப் பார்ப்பார்கள். தட்டைப் பற்றி ஒரு பேச்சு கிடையாது. இரண்டு பேருக்குமே அவ்வளவு மரியாதை.

இந்த நிலையில் தலைவருக்கு அறுபது வயது முடிந்து, ஓய்வு பெறப்போவதாக அறிவிப்பு வந்தது. அவர் இடத்துக்கு ஆடிஷன். மற்ற ஐந்து பேஸ்காரர்களும் இளவட்டங்கள். கல்லு மாதிரி முதுகு. இதை விட்டால் அடுத்த இடம் காலியாக இன்னும் பதினைந்து வருஷம் ஆகும். பீரோக்காவும் களைத்துப்போயிருந்தாள். அம்மாவுக்கும் தனக்கும் ஒரு வாக்குக் கொடுத்தாள்: இதுதான் கடைசி. இதுவும் கைநழுவினால் பெரியப்பாவைப் பள்ளிக்கூடத்துக்கே திருப்பிக் கொடுத்துவிட்டு, கணவரின் மருந்துக்கடையில் போய் உட்கார்ந்துவிடுவது. கணவர் ஒன்றும் கேட்கவில்லை. அம்மாதான் மறுவாரமே ஒரு வெள்ளைக் கோட்டு தைத்து அனுப்பிவிட்டார். அளவெல்லாம் கச்சிதம். அதை அறைக்கதவுக்குப் பின்னால் ஆணியில் மாட்டினாள். வாசிக்கும்போதெல்லாம் அது அவளையே பார்த்துக்கொண்டு தொங்கியது. அந்தக் கோட்டைக் கண்டாலே அவளுக்கு அழுகை வந்தது.

ஆடிஷனுக்கு மூன்று வாரம் இருக்கும்போது டிரில் மாஸ்டரும் மனைவியும் மகன் வீட்டுக்குப் பத்து நாள் போனார்கள். அன்று மாலை ஆறு மணி. பீரோக்கா வாசிக்கிறாள். கணவர் சோபாவில் கால் நீட்டிச் செய்தித்தாள் படிக்கிறார். மேலேயிருந்து தடதடவென்று இறங்கினாள், அடி நோட்டுக்கு வந்தாள், தொடர்ந்து வாசித்து முடித்தாள். வில்லைக் கீழே வைத்துவிட்டு, "இன்னைக்கு எப்படி?" என்றாள்.

"நல்லா இருந்துச்சு. நடுவுல ஏன் நின்ன?"

"எங்க நின்னேன்?"

"அந்த அடித்தொண்டை சத்தம் வந்துச்சே, அதுக்கப்புறம்."

"நிக்கவே இல்லயே. உங்களுக்கு என்ன தெரியும்? பேப்பரப் படிங்க."

"சரிம்மா, நிக்கல" என்று அவர் செய்தித்தாளுக்குள் போய்விட்டார். கொஞ்ச நேரம் கழித்துத் தலையை வெளியே நீட்டி, "ஆனா நின்ன" என்றார்.

சண்டை வந்துவிட்டது. சண்டையைத் தீர்க்க அவர் கைபேசியில் பதிவு செய்தார். இவள் மறுபடி வாசித்தாள். இரண்டு பேரும் தலையோடு தலை வைத்துக் கேட்டார்கள். தடதடவென்று இறங்கியது. அடி நோட்டு வந்தது. அப்புறம் ஒன்றுமில்லை. ஒன்று. இரண்டு. மூன்று. தூரத்தில் யாரோ வண்டி ஹாரன் அடித்தது மட்டும் கேட்டது. பிறகு வாசிப்பு தொடர்ந்தது.

பீரோக்கா அதை மறுபடி போட்டுக் கேட்டாள், மறுபடியும் மூன்று. பதினோரு வருஷமாக அவள் காதுக்கு அந்த இடத்தில் மூன்று தட்டு உண்டு. தட்டு முடியட்டும் என்று கை நின்று நின்று பழகிவிட்டது. தட்டே இல்லாத இடத்திலும் மண்டைக்குள் அது தானாகத் தட்டிக்கொள்கிறது, அவளுக்கு அது பாட்டின் பகுதியாகவே கேட்கிறது. ஆர்கெஸ்ட்ராவோடு வாசிக்கும்போது நடத்துபவரின் கோலைப் பார்த்து, பக்கத்து வில்லோடு வில்லாகப் போய்விடுவாள். தனியாகத் திரைக்குப் பின்னால் நின்றால்தான் இந்தக் கூத்து.

"ஐயோ" என்றாள். "நான்தாங்க ஸ்டேஷன்."

கணவர் நல்ல மனிதர் என்று சொன்னேனே, ஆனாலும் அந்த நேரத்தில் அவர் சிரித்திருக்கக்கூடாது. அன்றைக்கு அவர் சாப்பாட்டை அவரே எடுத்துப் போட்டுக்கொள்ள வேண்டியதாயிற்று.

அடுத்த பத்து நாளும் அவள் அந்த நிற்பை ஒழிக்கப் பார்த்தாள். தலையை ஆட்டிப் பார்த்தாள், கண்ணை மூடிப் பார்த்தாள், பல்லைக் கடித்துப் பார்த்தாள். கை என்னமோ வேறு யாருடைய கையோ போல அந்த இடம் வந்ததும் நின்றது. அவமானம் ஒரு பக்கம், ஆத்திரம் ஒரு பக்கம். நான்கு கடிதங்களும் யாருடைய பாரபட்சமும் இல்லை, யாருடைய சதியும் இல்லை, எல்லாம் ஒரு ஒட்டடைக்கம்பு! டிரில் மாஸ்டர் ஊர் திரும்பிய அன்றைக்கு, அவர் பெட்டியைக்கூடத் திறப்பதற்கு முன்னால், விடுவிடுவென்று கீழே இறங்கிப்போய் மணியை அடித்தாள்.

"சார், நீங்க தட்டித்தட்டி என் பொழப்பக் கெடுத்துட்டீங்க."

டிரில் மாஸ்டர் நிமிர்ந்து நின்றார். "நானா? நீ நின்னதாலதானேம்மா நான் தட்டினேன்?"

"நீங்க தட்டினதால நான் நின்னேன்!"

"அட, கேளும்மா. கோப்பையெல்லாம் ஆடுதேன்னு எனக்குக் கோவம் வரும், வாஸ்தவம். ஆனா ஒருத்தர் வாசிக்கும்போது நடுவுல தட்டறது மரியாதையா? நீ அந்த நோட்டு முடிச்சு நிறுத்துவ. சரி, நமக்குத்தான் நேரம் குடுத்திருக்குது பொண்ணுன்னு மூணு தட்டுத் தட்டிட்டு விட்டுடுவேன்."

"நீங்க தட்டட்டும்னு நான் காத்திருந்தேன் சார்!"

"நீ காத்திருக்கியேன்னு நான் தட்டினேம்மா!"

யார் முதலில் ஆரம்பித்தது என்று அரைமணி நேரம் வாதாடினார்கள். முடிவு தெரியவில்லை. உள்ளேயிருந்து டிரில் மாஸ்டரின் மனைவி வந்து, "நீங்க ரெண்டு பேரும் சண்டை போடுங்க, ஆனா ஒண்ணு சொல்றேன்" என்றார். "பையன் வீட்லயும் சாயங்காலம் ஆறு மணியானா இவரு கையை வச்சுக்கிட்டு சும்மா இருக்க மாட்டேங்கறாரு. சாப்பாட்டு மேசைய மூணு தட்டு தட்டறாரு. மருமகள் பயந்துபோயி டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போகலாமான்னு கேட்டா."

அப்போதுதான் இரண்டு பேருக்கும் நோய் ஒன்றுதான் என்று புரிந்தது. பீரோக்கா கோபம் வடிந்து நாற்காலியில் உட்கார்ந்தாள். ஆடிஷன், கடைசி வாய்ப்பு, கதவுக்குப் பின்னால் தொங்குகிற வெள்ளைக் கோட்டு என்று எல்லாவற்றையும் கொட்டித் தீர்த்தாள். சொல்லி முடிக்கும்போது மூக்கை உறிஞ்சினாள். டிரில் மாஸ்டர் சுவரிலிருந்த நாள்காட்டிக்கு முன்னால் போய் நின்றார். பிறகு, "எத்தனை நாள் இருக்கு?" என்றார்.

"பதினோரு நாள்."

"போதும். ரெண்டாயிரம் பிள்ளைங்கள ஒரே காலை எடுத்து வைக்க வச்சிருக்கேன். ஒரு கையை நடக்க வைக்க முடியாதா?"

மறுநாளிலிருந்து மாலை ஆறு மணிக்கு அவர் மேலே வந்துவிடுவார். கழுத்தில் விசில். கால்களை ஒட்டி விறைப்பாக நிற்பார். அவள் தடதடவென்று இறங்கி அடி நோட்டுக்கு வரும்போது, கட்டிடமே அதிர "நட!" என்று கத்துவார். முதல்நாள் பீரோக்கா பயத்தில் வில்லைக் கீழே போட்டுவிட்டாள். தையல்காரம்மா மேலேயிருந்து ஓடிவந்து என்ன ஆச்சு என்று கேட்டார். இரண்டாம் நாள் ஒரு எண்ணிக்கை நின்று கிளம்பினாள். நான்காம் நாள் அரை எண்ணிக்கை. இன்னொரு பக்கம் அவர் கதை அதைவிட மோசம். வாய் 'நட' என்று கத்தும், கை தானாக எழுந்து பக்கத்துச் சுவரை மூன்று தட்டு தட்டிவிடும். "சார், கை!" என்பாள் பீரோக்கா. "மன்னிச்சுக்கம்மா" என்று அவர் இரண்டு கையாலும் ஒரு தலையணையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நிற்பார். விசிலும் தலையணையுமாக அவர் நிற்கிற அழகைப் பார்த்துக் கணவர் சமையலறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு சிரிப்பார்.

எட்டாம் நாள் நிற்காமல் போனாள். ஒன்பதாம் நாள் அவர் கத்தாமலேயே, மனசுக்குள் ஒரு 'நட' சொல்லிக்கொண்டு நிற்காமல் போனாள். பத்தாம் நாள் டிரில் மாஸ்டர் தலையணையைக் கீழே வைத்துவிட்டு நின்றார். அவர் கையும் அசையவில்லை. இரண்டு பேருக்கும் கண் கலங்கிவிட்டது.

ஆடிஷன் அன்றைக்குக் கணவர் கடையைச் சாத்திவிட்டு வந்தார். டிரில் மாஸ்டர் தேய்த்த சட்டையில் வந்தார். பெரியப்பாவை ஆளுக்கொரு பக்கம் பிடித்துக் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். இருவரும் வெளியே தாழ்வாரத்து பெஞ்சில் உட்கார்ந்துகொண்டார்கள். பீரோக்காவுக்கு வந்த எண் ஆறு. மொத்தம் இருபத்திரண்டு பேர். காலைச் சுற்றில் அந்தச் சிம்பொனியைக் கேட்கவே இல்லை. மதியம் மூன்று பேர்தான் மிச்சம். அதில் அவளும் ஒருத்தி. கடைசிச் சுற்றுக்கு ஒரே ஒரு பகுதி. எதுவென்று சொல்லவும் வேண்டுமா?

வெறுங்காலோடு கம்பளத்தில் நடந்து உள்ளே போனாள். எதிரில் கறுப்புத் திரை. பக்கத்தில் மேற்பார்வை அம்மா, உதட்டில் விரல். அந்த அறையில் ஈ பறந்தால் கேட்கும், அவ்வளவு அமைதி. பீரோக்கா பெரியப்பாவைத் தோளோடு சாய்த்துக்கொண்டாள். வில்லை எடுத்தாள். தடதடவென்று இறங்கினாள். நன்றாகத்தான் வந்தது. அடி நோட்டு நெருங்க நெருங்க அந்த அமைதி பயங்கரமாகப் பெரிதானது. கீழ்வீடு இல்லை, கோப்பைகள் இல்லை, கம்பு இல்லை. அடி நோட்டு வந்தது. கை கனத்தது. மண்டைக்குள் முதல் 'டொம்' கேட்கப்போகிறது. மனசுக்குள் 'நட' சொல்ல வேண்டும், மனசுக்குள்...

"நட!"

மனசுக்குள் இல்லை. வாய் திறந்து, அடிவயிற்றிலிருந்து, டிரில் மாஸ்டரின் அதே குரலில், அறையே அதிரக் கத்திவிட்டாள்.

மேற்பார்வை அம்மா சுவரோடு ஒட்டிக்கொண்டார். திரைக்கு அந்தப்பக்கம் யாருடைய நாற்காலியோ கிறீச்சிட்டது. ஆனால் கை, அந்தப் பொல்லாத கை, நிற்கவில்லை. ஜம்மென்று நடந்தது. அவள் கடைசி நோட்டுவரை வாசித்து, வில்லை இறக்கி, தொலைந்தோம் என்று கண்ணை மூடிக்கொண்டாள். வெள்ளைக் கோட்டு கண்முன்னால் வந்து ஆடியது.

திரைக்கு அப்பால் கசமுசாவென்று பேச்சு. கிசுகிசுப்பாகத்தான் தொடங்கினார்கள், பாதியில் மறந்துவிட்டார்கள்.

"கத்தினது யாருய்யா?"

"ஆறாம் நம்பர்."

"பேசக்கூடாதுன்னு விதி இருக்குல்ல? வெளிய அனுப்புங்க."

"விதிய முழுசாப் படிங்க. குரலை வச்சு ஆளு அடையாளம் தெரிஞ்சாத்தான் வெளிய. உங்களுக்கு அடையாளம் தெரிஞ்சுதா?"

"எனக்கு எங்க தெரியும்? எவனோ ஒரு தடியன். எங்க ஸ்கூல் டிரில் மாஸ்டர் ஞாபகம்தான் வந்துச்சு. நான் எந்திரிச்சே நின்னுட்டேன்."

"எனக்கும் தெரியல."

"எனக்கும்."

அப்புறம் தலைவரின் குரல் கேட்டது. "யாருக்குமே தெரியலன்னா விதி மீறல. இன்னொண்ணு கவனிச்சீங்களா? அந்தச் சத்தத்துல நாம எல்லாரும் ஆடிப்போனோம். வாசிச்ச ஆளு ஒரு நோட்டுகூட ஆடல. எனக்கு இந்த ஆளுதான் வேணும்."

மற்ற இரண்டு பேரும் வாசித்து முடித்தார்கள். அரைமணி நேரம் கழித்து மேற்பார்வை அம்மா வந்து, "ஆறாம் எண் மட்டும் உள்ளே வரலாம்" என்றார். திரையை இழுத்தார்கள். குழுவில் ஏழு பேரும் ஒரு தடியனை எதிர்பார்த்து அண்ணாந்து பார்த்தார்கள். அங்கே யாருமில்லாததால் கொஞ்சம் கொஞ்சமாகப் பார்வையை இறக்கிக்கொண்டு வந்து, நாலடி பத்து அங்குலத்தில் பீரோக்காவைக் கண்டுபிடித்தார்கள்.

"நீயாம்மா!" என்று தலைவர் எழுந்தே வந்துவிட்டார். "அப்ப கத்தினது?"

"நான்தான் சார்."

தலைவர் சந்தேகத்தோடு அவளுக்குப் பின்னால் ஒருமுறை எட்டிப் பார்த்துக்கொண்டார். பிறகு அவள் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டு, "என் நாற்காலி உனக்குத்தான்னு ஆனதுல எனக்கு ரொம்ப சந்தோஷம். பதினோரு வருஷம் பக்கத்துலயே இருந்தியே" என்றார். பீரோக்காவுக்குக் கண்ணீர் பொலபொலவென்று வந்தது. அவளைச் சிரிக்க வைக்க நினைத்தாரோ என்னவோ, அவர் பழைய கதையை எடுத்தார். "ஒரே ஒரு வருத்தம்தாம்மா. நான் ரிட்டயர் ஆகறதுக்குள்ள அந்த ஸ்டேஷன் யாருன்னு பாத்துடணும்னு இருந்தேன். இந்தத் தடவை அவன் வரவே இல்ல."

அவள் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். நானாக இருந்தால் இருந்திருப்பேன். ஆனால் பீரோக்கா மூக்கைத் துடைத்துக்கொண்டு சொன்னாள்.

"ஸ்டேஷன் வந்துச்சு சார். வண்டிதான் நிக்கல."

தலைவர் சிரிக்கத் தொடங்கினார். பாதிச் சிரிப்பில் நின்றுவிட்டார், எண்ணுவது போல உதடு மட்டும் அசைந்தது. ஒண்ணு, ரெண்டு, மூணு. அப்புறம் பக்கத்திலிருந்த நாற்காலியைத் தடவிப் பிடித்து உட்கார்ந்தார். "கேண்டீன்ல... என்கூட சேந்து... மடையன்னு சொன்னியேம்மா" என்றார்.

"மடையன்தானே சார்" என்றாள் பீரோக்கா. அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்து அவளுக்கு விக்கல் எடுத்தது.

அந்த நேரம் பார்த்துத் தாழ்வாரத்துக் கதவில் டொம், டொம், டொம் என்று மூன்று தட்டு. உள்ளே இருந்த ஏழு பேரும் அப்படியே நின்றுவிட்டார்கள். பீரோக்கா மட்டும் நிற்கவில்லை. நேரே நடந்துபோய்க் கதவைத் திறந்தாள்.